பாதிச் சீட்டு

திண்டிவனம் ரயில்வே ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் இருந்தார். விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் நான் படித்த மூன்று வருடமும் காலையில் அவரிடம் சைக்கிளை விட்டுவிட்டுத்தான் பாசஞ்சர் பிடிப்பேன். ஒரு அட்டைச் சீட்டை இரண்டாகக் கிழிப்பார். ஒரு பாதி ஹேண்டில்பாரில் தொங்கும், மறு பாதி என் சட்டைப் பையில். இரண்டிலும் ஒரே நம்பர். சாயங்காலம் இறங்கி வந்தால் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார், சீட்டைத்தான் பார்ப்பார். ஒருநாள் சீட்டைத் தொலைத்துவிட்டேன். தினமும் பார்க்கிற பையன் என்று சைக்கிளைக் கொடுக்கவில்லை. கடைசி ரயில் கூட்டமும் கலைந்து, ஸ்டாண்டில் என் சைக்கிள் மட்டும் மிஞ்சும்வரை நிற்கவைத்தார். "உன்னத் தெரியும்பா. சீட்டு இல்லாம குடுத்துட்டா, நாளைக்கு அந்தச் சீட்டுக்கு என்ன மரியாதை?" என்றார்.

பிற்பாடு நான் பார்த்த தொழிலுக்கான முதல் பாடம் அதுதான். அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

2004இல் திண்டிவனம் நேரு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பிரவுசிங் சென்டர் போட்டேன். எட்டு கம்ப்யூட்டர். பிளைவுட் தடுப்பு வைத்த எட்டு கேபின். மணிக்கு 20 ரூபாய், பிரிண்ட் தனி. ஒலக்கூர், தீவனூர், வெள்ளிமேடுப்பேட்டை, மயிலம் என்று சுற்றுப்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. பயோடேட்டா அடிப்பது, பாஸ்போர்ட் விண்ணப்பம், சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற அண்ணனோடு சாட்டிங், கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆர்க்குட் என்ற நட்புத் தளம். முதல் மின்னஞ்சல் முகவரியை என் கடையில் உட்கார்ந்து உருவாக்கிக்கொண்டவர்கள் நூறு பேருக்குக் குறையமாட்டார்கள். பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி மணிபர்சில் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வார்கள்.

எனக்கு வாய்த்த பெரிய துணை 'டீப் ஃப்ரீஸ்' என்ற மென்பொருள். அந்தக் காலத்தில் சென்டர் நடத்திய எல்லாருக்கும் அது தெரியும். கம்ப்யூட்டரை ஒருநாள் சுத்தமாக அமைத்து அப்படியே உறையவைத்துவிடுவது. அதற்குப் பிறகு யார் எதைப் பதித்தாலும், எந்த வைரஸ் வந்தாலும், ஒரு ரீஸ்டார்ட் போட்டால் உறையவைத்த நாளின் நிலைக்கே திரும்பிவிடும். வாடிக்கையாளர்கள் விட்டுப்போன குப்பை எல்லாம் போய்விடும். அதில் குக்கிகளும் அடக்கம்.

குக்கி என்றால் அந்தப் பெரியவரின் பாதிச் சீட்டுதான். இணையதளத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் அனுப்பும், அத்தோடு மறந்துவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நீங்கள் யாரோ. 1994இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மான்டுலி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தளம் ஒரு சின்னத் துண்டைப் பிரவுசரிடம் கொடுத்துவைக்கும், பிரவுசர் ஒவ்வொரு முறை போகும்போதும் அதைத் திருப்பிக் காட்டும். பாஸ்வேர்ட் நுழையும்போது ஒரே ஒரு தடவைதான் கேட்கப்படும். அதற்குப் பிறகு உள்ளே நடப்பதெல்லாம் சீட்டின் பேரில். சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நீங்கள். முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

2007 ஆடி மாதத்தில் ஒரு பெண் அவள் அப்பாவோடு வந்தாள். டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒருநாள் வருகிற பெண்தான். அவள் மின்னஞ்சலில் இருந்து கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அசிங்கம் அசிங்கமாக யாரோ எழுதியிருக்கிறார்கள். படிக்கிற இடத்தில் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள்.  அந்த மின்னஞ்சல் தளத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

"நான் சைன் அவுட் பண்ணிட்டுத்தாண்ணா போனேன். ஒவ்வொரு தடவையும் பண்ணுவேன்" என்றாள்.

அவள் அப்பா நின்றுகொண்டே இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. "தம்பி, நீங்க சொல்லுங்க. இதெல்லாம் எப்புடி நடக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "சைன் அவுட் பண்ணிட்டா யாரும் உள்ள போக முடியாதுங்க ஐயா. பாஸ்வேர்ட யாருக்காவது சொல்லியிருக்கும்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் என் கடைக்கு வரவில்லை.

மறு வருடம் கோடை விடுமுறையில், மயிலத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, என் கடையிலேயே கிடையாய்க் கிடப்பவன், ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். "இதப் படிண்ணா. பிரவுசிங் சென்டர் வச்சிருக்கற எல்லாரும் படிக்கணும்." 2007 ஜூன் 22ஆம் தேதி சுசாம் பால், விபுல் அகர்வால் என்ற இரண்டு இந்திய இளைஞர்கள் ஆர்க்குட்டைப் பற்றி வெளியிட்ட பாதுகாப்பு எச்சரிக்கை அது. விஷயம் இதுதான்: நீங்கள் லாக் அவுட் செய்தால் உங்கள் பிரவுசரில் இருக்கும் குக்கி அழிகிறது, ஆனால் அந்தப் பக்கம், சர்வரில், உங்கள் அமர்வு, அதாவது நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்ற கணக்கு, உயிரோடுதான் இருக்கிறது. அந்தக் குக்கியை முன்னமே யாராவது நகல் எடுத்திருந்தால், நீங்கள் வெளியேறிய பிறகும் அவர் உள்ளே இருக்கலாம். ஒரு வாரம் கழித்து, ஜூன் 29 அன்று, இதே ஓட்டை வழியாக ஜிமெயில் வரைக்கும் எட்ட முடியும் என்று சுசாம் பால் இன்னொரு எச்சரிக்கை எழுதினார். வேறொருவர் சோதித்துப் பார்த்தபோது லாக் அவுட் செய்து 14 நாள் வரை அமர்வு சாகாமல் இருந்தது தெரிந்தது. சைபர் கஃபேக்களில் இது அபாயம் என்பது அந்த எச்சரிக்கைகளின் முக்கியமான செய்தி.

சைக்கிள் ஸ்டாண்டுக் கணக்கில் சொன்னால், சாயங்காலம் நீங்கள் சீட்டைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டீர்கள். பெரியவர் உங்கள் கையில் இருந்த பாதியை வாங்கிக் கிழித்துப் போட்டார், தன் நோட்டில் குறித்துவைத்திருந்த நம்பரை அடிக்கவில்லை. அதே நம்பரில் இன்னொரு துண்டைத் தயாரித்துக்கொண்டு வருகிறவனுக்கும் அவர் வண்டியை எடுத்துக் கொடுப்பார்.

படித்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சோதித்தேன். நாலாம் நம்பர் மெஷினில் என் சொந்த மின்னஞ்சலைத் திறந்தேன். ஃபயர்ஃபாக்ஸில் குக்கியை எடுத்துப் பார்க்கவும் திருத்தவும் ஒரு துணை நிரல் கிடைத்தது. குக்கியை நோட்பேடில் ஒட்டி, பென் டிரைவில் ஏற்றினேன். பிறகு நாலாம் நம்பரில் முறையாகச் சைன் அவுட் செய்தேன். ஏழாம் நம்பர் மெஷினுக்குப் போய்க் குக்கியைப் பதித்துப் பக்கத்தைத் திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. என் இன்பாக்ஸ் நின்றது. மறுநாள் காலையில் கடை திறந்ததும் மறுபடியும் முயன்றேன். அப்போதும் நின்றது.

அந்தப் பெண் சொன்னது உண்மை. சைன் அவுட் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். பாஸ்வேர்டை அவள் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அவள் அப்பா முன்னால் நான் சொன்னதுதான் பொய்.

குக்கி எப்படிக் களவு போகும் என்பதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஒரு பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட், அந்தத் தளத்தின் குக்கியைப் படிக்க முடியும். அது ஆரம்பத்திலிருந்தே இருக்கிற வசதி. தளத்தின் கருத்துப் பெட்டியிலோ, பெயர் எழுதும் இடத்திலோ யாராவது நைசாக ஸ்கிரிப்டைச் சொருகிவிட்டால், அந்தப் பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவரின் சீட்டும் அவனுக்குப் போகும். பக்கத்தில் இப்படி ஸ்கிரிப்டைச் சொருகிவிட்டால் அது எவ்வளவு வேகத்தில் பரவும் என்பதை 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் உலகமே பார்த்தது. அப்படி ஒரு ஸ்கிரிப்ட் ஒரே நாளில் பத்து லட்சம் பேரின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டது.

எங்கள் கடையில் இது வேறு ரூபத்தில் நடந்தது. 'எல்லா நண்பர்களுக்கும் ஒரே சொடுக்கில் ஸ்கிராப் அனுப்பலாம், இந்த வரியைக் காப்பி செய்து மேலே அட்ரஸ் பட்டையில் ஒட்டு' என்று ஆர்க்குட்டில் சுற்றும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லில் ஆரம்பித்து நாலு வரிக்கு நீளும். பையன்கள் ஒட்டுவார்கள். சிலது சொன்ன வேலையைச் செய்யும். சிலது குக்கியை எடுத்து எங்கோ அனுப்பும். ஒட்டியவனுக்கு வித்தியாசம் தெரியாது. தன் கையாலேயே வீட்டுச் சாவியை ஜன்னல் வழியாக நீட்டிய கதை. அட்ரஸ் பட்டையில் ஒட்டுகிற ஸ்கிரிப்டுக்குத் திறந்திருக்கும் பக்கத்தின் அதிகாரம் கிடையாது என்று ஃபயர்ஃபாக்ஸ் நிறுத்தியது 2011இல், ஆறாம் பதிப்பில். அதற்குள் ஆர்க்குட்டே மங்கத் தொடங்கிவிட்டது.

இதற்கெல்லாம் ஒரு பூட்டு இருந்தது. அதன் பெயர் எச்டிடிபி-ஒன்லி. தளம் குக்கியைக் கொடுக்கும்போதே இந்த ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தால், பிரவுசர் அதைத் தனிப் பெட்டியில் வைக்கும். தளத்துக்குத் திருப்பிக் காட்டும்போது மட்டும் எடுக்கும். பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டாது. மைக்ரோசாஃப்ட் இதை 2002இலேயே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆறின் முதல் சர்வீஸ் பேக்கில் கொண்டுவந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸுக்கு 2007 ஜூலையில்தான், 2.0.0.5 பதிப்பில் வந்தது. அந்தப் பெண் அப்பாவோடு என் கடைப் படி ஏறிய நாட்களில்தான். அந்தத் தேதியை எப்போது பார்த்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

ஆனால் பூட்டின் கதை அத்தனை எளிதல்ல. எனக்கு இந்தத் தொழிலில் தூக்கம் கெடுத்த விஷயமே இதுதான். பூட்டு ஒருபோதும் உடையவில்லை. பெட்டியை யாரும் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருந்த வேறொரு ஆள், கேட்டதும் நம்பரை வாய்விட்டுப் படித்துவிட்டார்.

2003 ஜனவரியில் ஜெரமையா கிராஸ்மன் ஒரு வழியைக் காட்டினார். 'நான் அனுப்பியது உனக்கு எப்படி வந்து சேர்ந்தது, அப்படியே திருப்பிச் சொல்' என்று சர்வரிடம் கேட்பதற்கு டிரேஸ் என்று ஒரு பழைய கட்டளை உண்டு. பழுது பார்ப்பவர்களுக்காக வைத்தது. ஸ்கிரிப்ட் அந்தக் கட்டளையை அனுப்பினால், அன்றைய பிரவுசர் ஒழுங்காகக் குக்கியையும் சேர்த்து அனுப்பும். சர்வர் வந்ததையெல்லாம் திருப்பி ஒப்பிக்கும், குக்கி உட்பட. பெட்டிக்குள் இருந்தது பதிலின் உடம்பில் வந்து நிற்கும். பூட்டு வந்து சில மாதங்களிலேயே இது.

அடுத்தது ஃபயர்ஃபாக்ஸில். தளம் குக்கியைக் கொடுப்பது பதிலின் தலைப்பு வரிகளில். பிரவுசர் அந்த வரியைப் படித்துக் குக்கியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடும். ஆனால் பக்கத்தில் இருக்கிற ஸ்கிரிப்ட் பின்னணியில் ஒரு கோரிக்கை அனுப்பி, 'வந்த பதிலின் தலைப்பு வரிகளை எல்லாம் கொடு' என்று கேட்டால், அந்த வரியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. பெட்டி பூட்டியிருக்கிறது, பெட்டிக்குள் போன சரக்கின் ரசீது மேசை மேல் கிடக்கிறது. விளாடிமிர் பாலன்ட் தெரிவித்த இந்தக் குறையை 2009 பிப்ரவரியில் 3.0.6 பதிப்பில் சரி செய்தார்கள்.

பிறகு 2012 ஜனவரியில் அப்பாச்சி சர்வரில் ஒன்று. ஸ்கிரிப்ட் வேண்டுமென்றே பெரிய பெரிய குக்கிகளைப் பிரவுசரில் நிரப்பிவிட்டுப் பக்கத்தைக் கேட்டால், அளவு மீறியது என்று சர்வர் ஒரு பிழைப் பக்கம் அனுப்பும். எந்த வரி அளவு மீறியது என்று உதவியாகக் காட்டுவதற்காக அந்த வரியையே பிழைப் பக்கத்தில் அச்சடித்துவிடும். அந்த வரியில்தான் பூட்டி வைத்த சீட்டும் இருக்கிறது. 2.2.22 பதிப்பில் திருத்தினார்கள். இந்த மூன்றையும் யாரோ கெட்ட எண்ணத்தில் செய்துவைக்கவில்லை. உதவி செய்யவும் பழுது பார்க்கவும் எழுதிய இடங்கள்தான் வாய் தவறின.

இத்தனையும் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கோ பூட்டு செய்தார்கள், ஓட்டை கண்டார்கள், அடைத்தார்கள். அது திண்டிவனத்துச் சந்துக்கு வந்ததா?

வரவில்லை. வராமல் நிறுத்தியவன் நான்.

அப்போது 256 கேபிபிஎஸ் பிராட்பேண்ட். மாத அளவைத் தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு என்று பில் ஏறும். எட்டு மெஷினும் விண்டோஸ் அப்டேட்டை இறக்க ஆரம்பித்தால் கேபினில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பக்கம் திறக்காது. "ஸ்லோவா இருக்குண்ணா" என்று எழுந்து பக்கத்துத் தெரு சென்டருக்குப் போய்விடுவார்கள். என் விண்டோஸும் காசு கொடுத்து வாங்கியது அல்ல. அப்டேட் வந்தால் அது தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு. இதற்கெல்லாம் மேலாக டீப் ஃப்ரீஸ். அப்டேட் எட்டு மெஷினிலும் பகல் முழுக்க இறங்கும், ராத்திரி அணைத்து காலையில் போட்டால் அழிந்திருக்கும், மறுபடியும் இறங்க ஆரம்பிக்கும். ஒரு வாரம் இப்படி நடந்ததைப் பார்த்துவிட்டு, அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தினேன். முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்றால், மாதம் ஒருமுறை உறைவைத் தளர்த்தி, அப்டேட்டை ஏற்றி, திரும்ப உறையவைக்க வேண்டும். எட்டு மெஷினுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் ஒதுக்கவில்லை. 2005இல் உறையவைத்த மெஷின்கள் 2008 வரை 2005லேயே இருந்தன.

குக்கியை அழிக்கிறது என்று நான் நம்பியிருந்த அதே மென்பொருள், குக்கிக்கு வந்த பூட்டையும் உள்ளே வரவிடவில்லை. குக்கியை அழித்ததுகூட ரீஸ்டார்ட் செய்யும்போதுதான். காலையில் கடை திறப்பது முதல் ராத்திரி மூடுவது வரை, நடுவில் கரண்ட் போனால் ஒழிய, ஒரே நாற்காலியில் பத்துப் பேர் மாறி மாறி உட்கார்ந்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டு மெஷினையும் நான் இணைத்திருந்தது மலிவான ஒரு ஹப்பில். சுவிட்சுக்கு இருநூறு முன்னூறு ரூபாய் அதிகம். ஹப்பில் ஒரு மெஷினுக்கு வருகிற தகவல் எல்லா மெஷினுக்கும் போய்த் தட்டும். ஆறாம் நம்பரில் அந்தப் பெண் மெயில் பார்த்தபோது, அவள் சீட்டு மற்ற ஏழு கேபின் வாசலுக்கும் போயிருக்கிறது. பார்க்கத் தெரிந்தவன் ஒருவன் உட்கார்ந்திருந்தால் போதும்.

இப்படிக் கம்பியிலும் காற்றிலும் போகிற சீட்டைப் பொறுக்குவது எத்தனை சுலபம் என்பதை 2010 அக்டோபரில் எரிக் பட்லர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற துணை நிரல் எல்லாருக்கும் காட்டியது. பூட்டில்லாத வைஃபையில் அதை ஓடவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களின் கணக்குகள் வரிசையாக வந்து நிற்கும், ஒன்றைச் சொடுக்கினால் நீங்கள் அவர். அதற்குச் சில மாதம் முன்னால் ஜிமெயில் எல்லாருக்கும் எச்டிடிபிஎஸ் என்ற மறைத்து அனுப்பும் முறைக்கு மாறியிருந்தது. ஃபேஸ்புக் முழுதாக மாற 2013 ஆகிவிட்டது. பெரிய பெரிய தளங்களெல்லாம் லாகின் பக்கத்தை மட்டும் மறைத்து அனுப்பிவிட்டு, சீட்டைத் திறந்த தபால் அட்டையில் அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை.

2008இலேயே ஹப்பைத் தூக்கி எறிந்து சுவிட்ச் போட்டேன். எல்லா மெஷினிலும் புதிய ஃபயர்ஃபாக்ஸ் ஏற்றினேன். ஒவ்வொருவர் எழுந்துபோன பின்பும் நானே போய்க் குக்கிகளை அழித்துவிட்டுத்தான் அடுத்தவரை உட்காரவிட்டேன். கேபின் மேல் 'சைன் அவுட் செய்யவும்' என்று ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, 'சந்தேகம் வந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றவும், என்னிடம் சொல்லவும்' என்று எழுதி ஒட்டினேன். நிறையத் தளங்களில் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய அமர்வுகள் எல்லாம் அறுந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வரி அதுதான்.

2011 ஏப்ரலில் சைபர் கஃபேக்களுக்கு மத்திய அரசின் விதிகள் வந்தன. அடையாள அட்டை பார்க்க வேண்டும், வருகைப் பதிவேடு ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும், பார்த்த தளங்களின் வரலாறும் ஒரு வருடம், கேபின் தடுப்பு தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. பிளைவுட்டை நானே ரம்பம் வைத்து அறுத்தேன். அடையாளம் பற்றியும், மறைவு பற்றியும், பதிவு பற்றியும் அந்த விதிகள் அக்கறை காட்டின. அது வேண்டியதுதான். பிரவுசரின் வயதை யாராவது கேட்டிருந்தால் என்னைப் போன்றவர்கள் இன்னும் முன்னாலேயே திருந்தியிருப்போம் என்பது என் எண்ணம்.

பிறகு மின்வெட்டு. 2012இல் பகலில் கரண்ட் இருக்கும் நேரத்தை எண்ணிக் கடை திறக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் கையில் போனும் வந்துவிட்டது. கடையைக் காலி செய்தபோது பரணில் பழைய பதிவேடுகள் கிடைத்தன. விதி வருவதற்கு முன்னாலிருந்தே பேரும் ஊரும் நேரமும் எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. 2007 நோட்டைப் புரட்டினேன். அவள் பெயர், ஊர், ஆறாம் நம்பர், உள்ளே 4.10, வெளியே 4.55. அதே நேரத்தில் மற்ற கேபின்களில் இருந்தவர்களின் பெயர்களும் அதே பக்கத்தில், என் கையெழுத்தில். அன்றைக்கு அவள் அப்பா கேட்டபோது இந்த நோட்டு என் முழங்கைக்குக் கீழே இருந்தது. திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

விழுப்புரம் வந்து, பள்ளிகள், ஜவுளிக்கடைகள், சின்னக் கல்லூரிகளுக்கு இணையதளம் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். பிஎச்பி கற்றுக்கொண்டேன். முதல் வேலை ஒரு பள்ளியின் மாணவர் பகுதி. லாகின், லாக் அவுட் எல்லாம் ஒரு பாடப் பக்கத்தில் பார்த்து எழுதினேன். வேலை முடிந்து ஒப்படைப்பதற்கு முதல் நாள், பழைய பழக்கத்தில், குக்கியை நகல் எடுத்து வைத்துக்கொண்டு லாக் அவுட் செய்துவிட்டு, இன்னொரு பிரவுசரில் பதித்துப் பார்த்தேன். உள்ளே போனது.

என் கையால் எழுதிய லாக் அவுட், பிரவுசரில் இருக்கும் குக்கியைக் காலாவதியாக்கியது, அவ்வளவுதான். சர்வரில் அமர்வைக் கொல்லும் கட்டளையை நான் எழுதவே இல்லை. திரையில் 'வெளியேறிவிட்டீர்கள்' என்று அழகாக வரும். அந்த வரியை நம்பித்தான் பிள்ளைகள் எழுந்து போவார்கள். ஆர்க்குட்டை எழுதியவர்களும் என்னைப் போலத்தான் நினைத்திருப்பார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. எச்டிடிபி-ஒன்லியும் அப்படித்தான். பிஎச்பி அமர்வுக் குக்கிகளுக்கு அதை 2006 நவம்பரில் 5.2 பதிப்பிலேயே கொடுத்துவிட்டது, ஆனால் தானாக வராது, நாம்தான் போட வேண்டும். விழுப்புரத்தில் நான் பராமரிக்க வாங்கிய பழைய தளங்களில் அதைப் போட்டிருந்த ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. எந்தத் தளத்தை வாங்கினாலும் முதலில் செய்கிற வேலை இந்த இரண்டு வரியைச் சேர்ப்பதுதான். பிறகுதான் நிறம், படம் எல்லாம்.

2014இல் இன்னொரு சுவர் ஆட்டம் கண்டது. ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் பக்கத்தைத் தொடக் கூடாது என்பது பிரவுசரின் அடிப்படைச் சட்டம். குக்கிக்கு இருக்கிற எல்லாப் பாதுகாப்பும் அந்தச் சுவரை நம்பித்தான். ஆண்ட்ராய்டு 4.4க்கு முந்தைய போன்களில் கூடவே வந்த பிரவுசரில், ஒரு இணைப்பின் முன்னால் ஒரே ஒரு வெற்று எழுத்தை வைத்தால் அந்தச் சுவர் இல்லாமல் போகிறது என்று பாகிஸ்தானைச் சேர்ந்த ரஃபாய் பலோச் கண்டுபிடித்தார். அப்போது புழக்கத்தில் இருந்த ஆண்ட்ராய்டு போன்களில் பாதிக்கு மேல் அந்தப் பழைய வகை. 2015 ஜனவரியில், 4.4க்கு முந்தைய ஆண்ட்ராய்டில் பக்கங்களைக் காட்டும் வெப்வியூ என்ற பாகத்துக்குத் தாங்களே திருத்தம் எழுதுவதில்லை என்ற கூகுளின் நிலைப்பாடு வெளியே தெரிந்தது. விழுப்புரத்தில் நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் என் பழைய உறைந்த மெஷினையே பையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். யார் கேட்டாலும் "அந்த நீலக் கோள உருண்டை பிரவுசர்ல போகாதீங்க, குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ போட்டுக்குங்க" என்று சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

2020இல் நடந்தது நேர் எதிர். பூட்டு இறுகி வேலை நின்றது. சாதாரண இணைப்பைச் சொடுக்கி வருவது போக, வேறொரு தளத்திலிருந்து கிளம்புகிற கோரிக்கையோடு நம் குக்கி போகக் கூடாது என்பது சேம்சைட் என்ற விதி. பிப்ரவரியில் குரோம் 80 பதிப்பிலிருந்து, தளம் எதுவும் சொல்லாவிட்டால் அதையே இயல்பாக வைத்துக்கொள்வது என்று தொடங்கினார்கள். கொரோனாவுக்காக ஏப்ரலில் நிறுத்தி, ஜூலையில் திரும்பக் கொண்டுவந்தார்கள். சரியாகக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற நேரம். ஒரு கல்லூரியிலிருந்து போன்: பணம் பிடித்தம் ஆகிறது, திரும்பி வந்தால் லாகின் பக்கம் நிற்கிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பணம் வாங்கும் தளத்திலிருந்து போஸ்ட் முறையில் திரும்பும் கோரிக்கை வேறு தளத்துக் கோரிக்கை, அதனால் குக்கி வரவில்லை. ஆனால் குக்கி கொடுத்து இரண்டு நிமிடம் ஆகாதிருந்தால் குரோம் விட்டுக்கொடுக்கும். உள்ளே வந்ததும் சட்டென்று கட்டியவர்கள் தப்பித்தார்கள். அப்பாவிடம் ஓடிபி கேட்டு, அவர் வயலில் இருந்து போன் எடுத்துச் சொல்லும்வரை காத்திருந்தவர்கள் மாட்டினார்கள்.

எல்லாக் குக்கிக்கும் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் ஒரே வரியில் பிரச்சினை தீரும். நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு அது கை வரவில்லை. கட்டணம் திரும்பி வரும் வழிக்கு மட்டும், ஒருமுறை செல்லுபடியாகும் தனிச் சீட்டு ஒன்றை எழுதினேன். மூன்று நாள் கூடுதலாக ஆனது. கல்லூரியில் பேச்சு வாங்கினேன்.

இப்போது களவு பிரவுசருக்கு வெளியே போய்விட்டது. கம்ப்யூட்டருக்குள் நுழைகிற மென்பொருள், பிரவுசர் குக்கிகளை வைத்திருக்கும் கோப்பையே வாரிக்கொண்டு போகிறது. 2024 ஜூலையில் குரோம் 127 பதிப்பில், விண்டோஸில் அந்தக் கோப்பில் இருக்கும் குக்கிகளை வேறு மென்பொருள் படிக்க முடியாதபடி ஒரு பூட்டைச் சேர்த்தார்கள். அதையும் தாண்டும் வழிகள் சீக்கிரமே வந்தன.

போன வருடம் செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என்னிடம் வந்தான். சமையல் வீடியோ சேனல் நடத்துகிறான். காலையிலிருந்து சேனலில் யாரோ நேரலை ஓட்டுகிறார்கள். முகம் வெளுத்திருந்தது. கூட வந்த மாமா வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்திருப்பார் போல.

"யாருக்கும் பாஸ்வேர்ட் குடுக்கலண்ணா. சத்தியமா. ஓடிபிகூட வரல."

"தெரியும் தம்பி. உக்காரு" என்றேன். "ரெண்டு மூணு நாள்ல என்ன ஃபைல் தொறந்த?"

விளம்பர ஒப்பந்தம் என்று வந்த ஒன்றைத் திறந்திருக்கிறான். கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து பிடுங்கச் சொன்னேன். போனில் கணக்கு இன்னும் திறந்தே இருந்தது, அதுவரை நல்லது. மாமாவிடம் திரும்பி, "இவன் மேல தப்பு இல்லைங்க" என்று முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினேன். போனிலேயே பாஸ்வேர்டை மாற்றி, உள்ளே இருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தோம். நான்கு இருந்தன. மூன்றை அவன் அடையாளம் சொன்னான். நான்காவதன் மேல் விரலை வைத்து, "இது நம்முளுது இல்லண்ணா" என்றான். அதை அவனையே வெளியேற்றச் சொன்னேன்.